இறங்கத் தயங்கிய கிளைடர்: ஏ.எஸ்.டபிள்யூ. 12 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1972 ஏப்ரல் 25 அன்று காலை, வட ஜெர்மனியில் பால்டிக் கடலுக்கு அருகிலுள்ள லூபெக் நகரிலிருந்து ஹான்ஸ்-வெர்னர் குரோஸே எஞ்சின் இல்லாத விமானத்தில் புறப்பட்டார். ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் கழித்து அவர் தரைதொட்ட இடம் பியாரிட்ஸ். பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஊர் அது. கடந்த தூரம் 1,460.8 கிலோமீட்டர். நேர்த்தூரப் பறப்பில் இதுவே உலகச் சாதனையாகிச் சுமார் 30 ஆண்டுகள் நிலைத்தது.

அவர் ஓட்டியது ஏ.எஸ்.டபிள்யூ. 12. மொத்தம் 15 மட்டுமே செய்யப்பட்ட கிளைடர் வகை இது. தன் காலத்தில் விற்பனைக்குக் கிடைத்த கிளைடர்களில் சறுக்கு விகிதத்தில், அதாவது இழக்கும் உயரத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் போகிறது என்ற கணக்கில், முன்னணியில் நின்றது. தூரச் சாதனையை இரண்டு முறை புதுப்பித்தது. ஆனால் உலகச் சாம்பியன் போட்டியில், இறக்கை நீளத்துக்கு வரம்பில்லாத திறந்த பிரிவில் ஒருமுறைகூட முதலிடம் பெறவில்லை. அதே வடிவமைப்பாளரின் அடுத்த திறந்த பிரிவுக் கிளைடரோ, சறுக்கு விகிதத்தில் இதைவிட அதிகம் முன்னேறாமலேயே, இரண்டு உலகப் பட்டங்களைக் கொண்டுவந்தது.

இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம்: விமானிகளின் திறமை, அந்தந்த ஆண்டின் வானிலை, எதிரணிக் கிளைடர்களின் இறக்கை நீளம். எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. இருந்தாலும் என் பார்வையில் முடிச்சு வேறிடத்தில் விழுந்திருக்கிறது. அதை அவிழ்க்க இந்தக் கிளைடரின் இறக்கையில் இல்லாத ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும்.

டார்ம்ஸ்டாட் மாணவர்கள்

கதை தொடங்குவது ஒரு பல்கலைக்கழகப் பட்டறையில். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் எஞ்சின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. பறக்கும் ஆசை கொண்டவர்கள் எஞ்சின் இல்லாமல் பறக்க வழி தேடினார்கள். ரோன் மலைப்பகுதியின் வாசர்குப்பே குன்றில் 1920 முதல் கிளைடர் போட்டிகள் நடந்தன. பொறியியல் கல்லூரிகளில் மாணவர்களே விமானம் வடிவமைத்து, கட்டி, பறந்து பார்க்கும் குழுக்கள் உருவாயின. 'அக்காஃப்ளீக்' என்று அழைக்கப்படும் இந்தக் குழுக்கள் இன்றும் இருக்கின்றன.

1960களின் தொடக்கத்தில் டார்ம்ஸ்டாட் குழுவில் கெர்ஹார்ட் வைபெல், வொல்ஃப் லெம்கே, கிளாவுஸ் ஹோலிக்ஹாவுஸ், ஹைக்கோ ஃப்ரீஸ் என்று நான்கு மாணவர்கள் சேர்ந்திருந்தார்கள். கிளைடர் உலகம் மரத்திலிருந்து கண்ணாடி இழைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. 1957 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் பறந்த 'ஃபீனிக்ஸ்', கண்ணாடி இழையில் கட்டப்பட்ட முதல் கிளைடர். ரிச்சர்ட் எப்ளரும் ஹெர்மன் நேகலேயும் உருவாக்கிய அது, 16 மீட்டர் இறக்கையிலேயே 40க்கு 1 என்ற சறுக்கு விகிதத்தைத் தொட்டது. அதாவது அசைவற்ற காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 40 கிலோமீட்டர் போய்விடும்.

டார்ம்ஸ்டாட் மாணவர்கள் அந்த வழியில் இன்னும் ஓர் எட்டு வைத்தார்கள். கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்த இறக்கை, முனையிலிருந்து முனைவரை 17.8 மீட்டர் அகலம், இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் ஃபிளாப், ஏறக்குறைய படுத்த நிலையில் விமானி உட்காரும் குறுகலான முன்பகுதி. டி-36 என்ற பெயரில் அது 1964 மார்ச்சில் பறந்தது. சறுக்கு விகிதம் 44. அதே ஆண்டு ஜெர்மன் தேசியப் போட்டியின் திறந்த பிரிவை வென்றது.

நால்வரில் மூவர் அதன்பின் பிரிந்து மூன்று தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். வைபெல், வாசர்குப்பே அடிவாரத்தில் பொப்பன்ஹாவுசனில் உள்ள அலெக்சாண்டர் ஷ்லைஷர் நிறுவனத்துக்கு. ஹோலிக்ஹாவுஸ், ஷெம்ப்-ஹிர்த் நிறுவனத்துக்கு. லெம்கே போய்ச் சேர்ந்த ரோலாடன்-ஷ்னைடர், ஜன்னல்களுக்கான சுருள் கதவு செய்துகொண்டிருந்த நிறுவனம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலக கிளைடர் போட்டிகள் பெரும்பாலும் இந்த மூன்று நண்பர்களின் போட்டியாகவே நடந்தன. திறமை ஓரிடத்தில் குவிந்து பிறகு சிதறும்போது ஒரு துறை எப்படி வேகம் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு விமான வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

ஷ்லைஷர் அதுவரை மரக் கிளைடர்களுக்குப் பேர்போன இடம். வைபெல் அங்கே டி-36ஐத் தயாரிப்புக்கு ஏற்றபடி மாற்றி வரைந்தார். இறக்கை அகலம் 18.3 மீட்டராக நீண்டது. செங்குத்து வாலின் உச்சியில் இருந்த கிடைவால் கீழே இறங்கி வழக்கமான இடத்துக்கு வந்தது. 1965 டிசம்பர் 31 அன்று முதல் ஏ.எஸ்.டபிள்யூ. 12 பறந்தது. பெயரின் கடைசி எழுத்தான டபிள்யூ (W), வைபெலைக் (Waibel) குறிப்பது.

இறக்கை

இறக்கையின் பரப்பு 13 சதுர மீட்டர். 18.3 மீட்டர் அகலத்துக்கு இது மிகக் குறைவு. சராசரியாக 71 சென்டிமீட்டர் ஆழமே உள்ள நீண்ட பட்டை. நீளத்துக்கும் ஆழத்துக்குமான விகிதம் ஏறத்தாழ 26. இறக்கை முனையில் கீழ்ப்பக்கக் காற்று மேலே சுழன்று ஏறுவதால் உண்டாகும் இழுவை, இந்த விகிதம் கூடக்கூடக் குறையும். மெதுவாகச் சுற்றி உயரம் ஏறும்போது இந்த இழுவைதான் பெரிய எதிரி.

வேகமாகப் போகும்போது எதிரி மாறிவிடும். அப்போது தோலோடு உரசும் காற்றே முக்கியம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்துக்குக் காற்று குலையாமல் வரிச்சீராக ஓடுகிறதோ, அவ்வளவுக்கு உரசல் குறையும். எங்கே அது சுழற்சி ஓட்டமாக மாறுகிறதோ, அங்கிருந்து உரசல் பல மடங்காகிவிடும். ஸ்டுட்கார்ட்டில் ஃபிரான்ஸ் சேவர் வோர்ட்மன் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடும் குறுக்குவெட்டுகளை வடிவமைத்துவந்தார். ஏ.எஸ்.டபிள்யூ. 12 இறக்கையில் இருப்பது அவருடைய எஃப்.எக்ஸ். 62-கே-131 என்பதன் திருத்தப்பட்ட வடிவம்.

இந்தக் குறுக்குவெட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட கோண வரம்புக்குள் காற்று வந்து மோதினால் இழுவை மிகக் குறைவு. வரம்பைத் தாண்டினால் சட்டென்று கூடிவிடும். ஃபிளாப்பின் வேலை இந்த வரம்பை நகர்த்துவது. வெயிலில் சூடாகி மேலெழும் வெப்பக் காற்றுத் தூணுக்குள் மெதுவாகச் சுற்றும்போது ஃபிளாப்பைக் கீழே இறக்கினால் வரம்பு அந்த வேகத்துக்குப் பொருந்துகிறது. அடுத்த தூணை நோக்கி விரையும்போது ஃபிளாப்பைச் சற்று மேலே தூக்கினால் அது வேகமான பறப்புக்கு நகர்ந்துவிடுகிறது. ஒரே இறக்கை இரண்டு இறக்கைகளின் வேலையைச் செய்கிறது.

ஆனால் இவையெல்லாம் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் பலிக்கும். முன்விளிம்பில் அறைந்து ஒட்டிக்கொண்ட ஒரு கொசு, அதன் பின்னால் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி முழுவதும் காற்றைக் குலைத்துவிடும். அதனால்தான் போட்டி விமானிகள் நீர் தொட்ட உப்புத்தாளால் இறக்கையை மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். உடலும் இறக்கையும் சேரும் இடுக்கை ஒவ்வொரு நாளும் டேப் ஒட்டி மூடுகிறார்கள். மரத்தில் இந்த வழவழப்பைக் கொண்டுவருவதே கடினம். கொண்டுவந்தாலும் ஈரத்திலும் வெயிலிலும் நிலைக்காது. அச்சில் வார்த்த கண்ணாடி இழைத் தோலில் அது தயாரிப்பிலேயே கிடைத்தது.

விளைவு, சறுக்கு விகிதம் 47. அமைதியான காற்றில் நொடிக்கு அரை மீட்டர் அளவில் மட்டுமே இறங்கும்.

இல்லாத பொருள்

கிளைடரின் இறக்கையின் மேற்புறத்திலிருந்து பலகை போல எழும்பி நிற்கும் தகட்டைப் பலர் பார்த்திருக்கலாம். அதுதான் காற்றுத் தடை. விமானி இடக்கையால் நெம்புகோலை இழுத்தால் அது எழும்பும். தள்ளினால் உள்ளே போய்விடும். இறங்கும்போது அது எத்தனை சென்டிமீட்டர் எழுந்து நிற்க வேண்டும் என்பதைக் கை நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. உயரம் அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுப்பது, குறைந்துவிட்டால் கொஞ்சம் உள்ளே தள்ளுவது.

ஏ.எஸ்.டபிள்யூ. 12 இறக்கையில் அது இல்லை. இறக்கையைக் கீறி, பெட்டி வைத்து, மேலே மூடி போட்டால், எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அங்கே ஒரு விளிம்பு எழும். உள்ளிருந்து காற்று கசியும். வரிச்சீர் ஓட்டம் அந்த இடத்தோடு முடிந்தது. கூடவே, மெல்லிய இறக்கையின் தோலை வெட்டுவதால் முறுக்கைத் தாங்கும் வலுவும் குறையும். 47 என்ற எண்ணைத் துரத்துகிறவருக்கு இது வீண் செலவாகத் தெரிவதில் வியப்பில்லை.

பதிலாக வாலில் ஒரு பாராசூட் வைத்தார்கள். ஃபிளாப்பைத் தாழ்த்தி, சரியான நேரத்தில் பாராசூட்டை விரித்தால் கிளைடர் செங்குத்தான சரிவில் இறங்கும். காகிதத்தில் நேர்த்தியான தீர்வு. மடித்து வாலுக்குள் வைத்திருக்கும்வரை அதனால் துளியும் இழுவை இல்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வயலின் வேலியை 15 மீட்டர் உயரத்தில் கடக்கிறீர்கள் என்று வையுங்கள். 47 என்ற விகிதத்தில் அந்த 15 மீட்டரைத் தொலைக்க 705 மீட்டர் தேவை. தரையை நெருங்கும்போது இழுவை இன்னும் குறைவதால் தூரம் அதற்கும் மேல் நீளும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அரை நிமிடத்துக்கு மேல் அந்தரத்திலேயே மிதந்துகொண்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் அறுவடை முடிந்த கோதுமை வயல் ஒன்று 300, 400 மீட்டர் நீளம் இருந்தாலே நல்ல வயல்.

ஆகவே பாராசூட் வேலை செய்தே ஆக வேண்டும். அதற்கோ இரண்டே நிலைகள்: மூடியது, விரிந்தது. நடுவில் எதுவும் இல்லை. சற்று முன்கூட்டியே விரித்துவிட்டால் வயலுக்கு முன்னால் உள்ள மரங்களில் போய் முடியலாம். தவறு என்று தெரிந்து கழற்றிவிட்டால், கிளைடர் மறுபடி 47க்குத் திரும்பி வயலின் மறுமுனையைத் தாண்டி மிதக்கும். கழற்றியதை மறுபடி மாட்ட முடியாது. ஈரமாக மடிக்கப்பட்டிருந்தாலோ கயிறு சிக்கினாலோ விரியாமலே போகலாம். அது விரியுமா என்பது இழுத்துப் பார்த்த பிறகுதான் தெரியும். மாடிப்படிக்குப் பதில் ஒரேயொரு குதி மட்டுமே அனுமதிக்கப்பட்ட வீட்டைப் போன்றது இந்த ஏற்பாடு.

போட்டிகளில்

இனி களத்துக்கு வருவோம். உலகச் சாம்பியன் போட்டி பல நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு பாதை கொடுக்கப்படும். முடித்தவருக்கு வேகத்துக்கும், முடிக்காதவருக்குக் கடந்த தூரத்துக்கும் மதிப்பெண். ஒரே நாளின் பெரிய சரிவு மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். 1960களில் பாதையை முடிக்காமல் ஏதோ ஒரு வயலில் இறங்குவது அன்றாட நிகழ்ச்சி. காரும் டிரெய்லரும் கொண்ட உதவிக் குழு தேடிவந்து, இறக்கையைக் கழற்றி ஏற்றி, இரவோடு இரவாகத் திரும்பும். அடுத்த நாள் மறுபடி ஆட்டம்.

1965இல் இங்கிலாந்தின் சவுத் செர்னியில் நடந்த போட்டியில் டி-36ஐ ஓட்டிய ரோல்ஃப் ஸ்பெனிக் திறந்த பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். அவரை முந்தியவர் போலந்தின் யான் வ்ருப்லெவ்ஸ்கி. அவர் ஓட்டியது ஃபோக்கா 4 என்ற 15 மீட்டர் மரக் கிளைடர். சறுக்கு விகிதம் 34. எண்களை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டியிருந்தவர்கள் பணத்தை இழந்திருப்பார்கள்.

1968இல் போலந்தின் லெஷ்னோ. திறந்த பிரிவை வென்றவர் ஆஸ்திரியாவின் ஹாரோ வோடல். கிளைடர், ஹோலிக்ஹாவுஸ் வடிவமைத்த சிர்ரஸ். அது டி-36இன் சிக்கல்களை வேண்டுமென்றே உதறிய வடிவமைப்பு. ஃபிளாப் இல்லை, தடித்த இறக்கை, முறையான காற்றுத் தடை உண்டு. சறுக்கு விகிதத்தில் ஏ.எஸ்.டபிள்யூ. 12ஐவிடப் பின்தங்கியதுதான். ஆனால் சாதாரண மனிதர் சாதாரண வயலில் இறக்கக்கூடியது.

1970இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், மார்ஃபா. இந்தப் போட்டியின் முடிவுப் பட்டியலைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். திறந்த பிரிவில் முதலிடம் ஜார்ஜ் மொஃபட், கிளைடர் நிம்பஸ், வடிவமைப்பு ஹோலிக்ஹாவுஸ். இரண்டாமிடம் குரோஸே, கிளைடர் ஏ.எஸ்.டபிள்யூ. 12, வடிவமைப்பு வைபெல். இறக்கை அகலம் 15 மீட்டருக்கு மட்டுப்படுத்தப்பட்ட ஸ்டாண்டர்ட் பிரிவில் முதலிடம் ஹெல்முட் ரைக்மன், கிளைடர் எல்.எஸ். 1, வடிவமைப்பு லெம்கே. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரே பட்டறையில் நின்ற மூன்று மாணவர்கள் உலகப் போட்டியின் உச்சியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மொஃபட் பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். பாய்மரப் படகுப் பந்தயத்திலிருந்து கிளைடருக்கு வந்தவர். அவர் ஓட்டிய நிம்பஸ் 22 மீட்டர் அகலம் கொண்ட ஒற்றை மாதிரி. சறுக்கு விகிதம் 51. ஆக, மார்ஃபாவில் ஏ.எஸ்.டபிள்யூ. 12 தோற்றதற்குப் பாராசூட்டை மட்டும் காரணம் சொல்வது நியாயமல்ல. அகலமான இறக்கை வந்துவிட்டது. எண்ணை நம்பி வாழ்ந்தது இன்னும் பெரிய எண்ணிடம் தோற்றது. ஆனால் இந்த வாதத்துக்கு முந்தைய இரண்டு போட்டிகள் இடம் கொடுக்கவில்லை. அங்கே வென்றவை சிறிய எண்கள்.

தூரத்தில்

மார்ஃபா முடிந்து மூன்றே வாரங்கள். 1970 ஜூலை 26 அன்று அதே டெக்சாஸின் ஒடெஸ்ஸாவிலிருந்து வாலஸ் ஸ்காட், பென் கிரீன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆளுக்கொரு ஏ.எஸ்.டபிள்யூ. 12இல் கிளம்பினார்கள். இருவரும் நெப்ராஸ்கா மாநிலத்தின் கொலம்பஸில் இறங்கினார்கள். 1,153.8 கிலோமீட்டர், சாதனை இருவருக்கும் பொது. 1964இல் ஆல் பார்க்கர் அதே ஒடெஸ்ஸாவிலிருந்து வடக்கே பறந்து வரலாற்றில் முதன்முறையாக 1,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார். டெக்சாஸின் வறண்ட நிலமும், கோடையில் அங்கே வீசும் தென்காற்றும் சேர்ந்தால் வடக்கு நோக்கிய நீண்ட நாள் ஒன்று கிடைக்கும் என்பது அங்குள்ள விமானிகளுக்குத் தெரிந்த கணக்கு.

குரோஸே செய்தது ஐரோப்பாவில். அங்கே காடு, நகரம், ஆறு, கடலோர ஈரம் என்று ஒவ்வொன்றும் வெப்பக் காற்றின் வலுவை மாற்றும். மேலெழும்பும் காற்று பொதுவாக வெயில் ஏறிய பிறகே வலுப்பெறும், மாலையில் தணியும். ஆகவே இத்தனை தூரம் போக, பகல் நீளமாக இருக்க வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ள வேண்டும். வட ஜெர்மனியிலிருந்து பிரான்சின் தென்கோடிவரை ஒரே குளிர்ந்த காற்றுத்தொகுதி பரவியிருக்க வேண்டும். ஏப்ரல் 25 அப்படிப்பட்ட நாள். வடகிழக்குக் காற்று முதுகில் தள்ள, அவருடைய சராசரி வேகம் மணிக்குச் சுமார் 127 கிலோமீட்டர். பியாரிட்ஸுக்கு அப்பால் பிஸ்கே வளைகுடாவும் பிரனீஸ் மலைத்தொடரும் நிற்கின்றன.

இத்தகைய பறப்பில் ஏ.எஸ்.டபிள்யூ. 12இன் பலங்கள் அத்தனையும் முழுதாக வேலை செய்கின்றன. வெப்பம் இன்னும் வலுக்காத காலையிலும், வலு தணிந்த மாலையிலும், ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு எட்டக்கூடிய தூரம்தான் பிழைக்க வழி. சறுக்கு விகிதம் 34 உள்ள கிளைடர் தரையைத் தொட்டிருக்கும் இடத்தில் 47 உள்ளது இன்னும் சில நூறு மீட்டர் உயரத்தோடு காத்திருக்கும். நாளின் இரு ஓரங்களிலும் கிடைக்கும் அந்தக் கூடுதல் நேரமே நூற்றுக்கணக்கான கிலோமீட்டராகிறது.

பலவீனமோ ஒரே ஒருமுறைதான் கணக்கில் வருகிறது. சாதனைப் பறப்புக்கு ஒரு நாள், ஒரு இறக்கம். சாம்பியன் போட்டிக்குப் பல நாள், பல இறக்கம், பெரும்பாலும் முன்பின் பார்த்திராத வயல். இறக்கத்துக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லாதவர் நல்ல வயல் ஒன்று கைக்கெட்டும் உயரத்தை விட்டுவிட மாட்டார். மற்றவர்கள் 200 மீட்டர்வரை தேடிப்பார்க்கும் இடத்தில் இவர் 400 மீட்டரிலேயே தேடலை நிறுத்த நேரும். அந்த 200 மீட்டர் வித்தியாசத்தை 47ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் கைநழுவுகிறது என்று பாருங்கள்: ஒன்பதுக்கும் மேல். விளம்பரத் தாளில் ஏறும் சறுக்கு விகிதம் இதைக் காட்டுவதில்லை. இது என் ஊகம்தான். மதிப்பெண் பட்டியலில் இதற்கென்று ஒரு பத்தி கிடையாது. ஆனால் வைபெல் அடுத்து வரைந்தவற்றைப் பார்க்கும்போது அவரும் இதே திசையில்தான் யோசித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அடுத்த வரைபடங்கள்

1971 ஜூலையில் ஏ.எஸ்.டபிள்யூ. 17 பறந்தது. அகலம் 20 மீட்டர். பாராசூட்டை நம்பியிருந்த நிலை மாறி, இறக்கையில் காற்றுத் தடை வந்தது. 1.7 மீட்டர் கூடுதல் அகலம் கிடைத்தும் சறுக்கு விகிதம் ஏறத்தாழ 48தான். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது முன்னேற்றமே இல்லை. பிரிட்டனின் ஜார்ஜ் லீ இதை ஓட்டித்தான் 1976இல் ஃபின்லாந்தின் ரைஸ்கேலாவிலும் 1978இல் பிரான்சின் ஷாத்தோருவிலும் திறந்த பிரிவுப் பட்டத்தை வென்றார்.

1977இல் வந்த 15 மீட்டர் ஏ.எஸ்.டபிள்யூ. 20இல் வைபெல் இன்னும் ஒரு படி போனார். வேகத்துக்காக இருந்த அதே ஃபிளாப்பை, இறங்கும்போது 55 பாகைவரை கீழே தள்ள முடியும். கூடவே காற்றுத் தடையும் உண்டு. சிறு வயலில் மிகச் செங்குத்தாக வந்து இறங்கும் கிளைடர் என்று அது பெயர் வாங்கியது. ஏ.எஸ்.டபிள்யூ. 12இன் குறையைச் சரிசெய்வதோடு நிற்காமல், இறங்கும் திறனையே புதிய கிளைடரின் முதல் பெருமையாக்கிவிட்டார். பயிற்சிக் கழகங்களும் தனிநபர்களும் அதை வாங்கினார்கள். 15க்குப் பதில் நூற்றுக்கணக்கில் விற்றது.

பிறகு 1987இல் ஏ.எஸ்.டபிள்யூ. 24. இதில் வைபெல் முதலில் கவனம் செலுத்தியவற்றுள் ஒன்று விமானியின் உட்காரும் கூடு: மோதலில் முன்மூக்கு நொறுங்கி விசையை வாங்கிக்கொள்ளவும், விமானியைச் சுற்றியுள்ள பகுதி நசுங்காமல் நிற்கவும் திட்டமிட்டு இழைகளை அடுக்கினார். இறக்கம் தவறிய பிறகு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வரைபடத்திலேயே விடை தேடிய முதல் கிளைடர்களில் ஒன்று அது. பின்னர் வந்த மற்ற நிறுவனங்களின் கிளைடர்களும் அதே வழியில் கூட்டை வலுப்படுத்தின.